தசை தளர்ந்த பிள்ளையும் தாயின்மேல் விழும் பழியும்

(தாம்பரத்தில் நடைபெற்ற பெற்றோர் – மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளிவிழாக் காணும் நமது சங்கத்தின் கூட்டங்களில் கல்வி உதவித்தொகை, விடுதி இடம், அரசுப் பணித் தேர்வு ஆகியவற்றைப் பற்றியே பெரும்பாலும் பேசி வந்துள்ளோம். இம்முறை ஒரு நோயைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். நான் வரலாறு பயின்ற பி.ஏ., பி.எட்.; மருத்துவனும் அல்லேன், அறிவியல் ஆசிரியனும் அல்லேன் என்று சொல்லிப் பார்த்தேன். "அதனால்தான் உங்களைக் கேட்கிறோம், டாக்டர் சொன்னது எங்களுக்குப் புரியவில்லை" என்றார். எனவே நான் படித்தறிந்ததையும், மருத்துவர்களிடம் கேட்டறிந்ததையும் வகுப்பில் பாடம் சொல்வதுபோலச் சொல்லிச் செல்கிறேன். கணக்கு வரும் இடத்தில் மாணவர்கள் நோட்டை எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிறவியிலேயே உடன்வரும் தசை நோய்கள் பல. சில, குழந்தை பிறந்த அன்றே தெரிந்துவிடும். கையில் எடுத்தால் ஈரத்துணி போலத் துவண்டு தொங்கும். பாலை உறிஞ்ச வலுவிராது. கழுத்து நிற்க ஓராண்டுக்கும் மேலாகும். வேறு சில மறைந்திருந்து மூன்று நான்கு வயதில் வெளிப்படும். இவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது டூஷேன் தசைச்சிதைவு. 1860களில் இதை விரிவாக எழுதிய பிரெஞ்சு மருத்துவரின் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. பிறக்கும் ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ 3,500 முதல் 5,000 பேருக்கு ஒருவருக்கு இது வருகிறது. எந்த நாட்டிலும், எந்த இனத்திலும் ஏறக்குறைய இதே அளவுதான். (சிலர் இதனை விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்கின் நோய் என்று கூறுகின்றனர். அது தவறு. அவருக்கு வந்தது நரம்பணுக்களின் நோய். நடுவயதிலோ இளமையிலோ வருவது. இது தசையின் நோய், கருவிலேயே உள்ளது.)

என் பள்ளியில் ஆறாம் வகுப்பில் ஒரு மாணவன் சேர்ந்தான். பத்து வயது, நல்ல கணக்குப் பிள்ளை. தரையில் அமர்ந்தால் அவன் எழுந்திருக்கும் முறையே தனி. முதலில் குப்புறத் திரும்பிக் கையை ஊன்றுவான். பின் முழங்காலைப் பிடிப்பான். பிறகு தொடையைப் பிடித்து, தன் உடம்பின்மேல் தானே ஏறுவதுபோல நிமிர்வான். லண்டன் மருத்துவர் கோவர்ஸ் 1879இல் எழுதிவைத்த அடையாளம் அதுவே என்று பின்னர் அறிந்தேன். முன்பு படித்த பள்ளியில் சோம்பேறி என்று அவனை வெயிலில் நிறுத்தியிருக்கின்றனர். அவனுடைய கெண்டைக்கால்கள் பருத்து உருண்டிருக்கும். "பாருங்கள் சார், எவ்வளவு பலமான கால், ஆனால் ஓடமாட்டேன் என்கிறான்" என்று அவன் தந்தையே என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். பலம் அன்று அது. தசை அழிந்த இடத்தில் கொழுப்பும் நாரும் சேர்ந்த பருமன்.

ஆறாம் வகுப்பு மாடியில் இருந்தது. அதனைக் கீழ்த்தளத்திற்கு மாற்றினோம். சத்துணவிற்கு மற்றவர் தரையில் அமர, அவனுக்கு ஒரு பெஞ்சு. இதற்குச் செலவு ஏதுமில்லை. ஆனால் தாம்பரம் இரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தை நான் கீழிறக்க இயலாது. எழும்பூர் மருத்துவமனைக்குப் போகவேண்டிய ஒவ்வொரு நாளும் அவனுடைய தாய் பத்து வயதுப் பையனை இடுப்பில் சுமந்து அப்படிகளில் ஏறியதை நான் கண்டிருக்கிறேன்.

அந்தத் தாய் சுமந்தது பையனை மட்டுமா? மாமியார் வீட்டில், "உன் வயிற்றுக் கோளாறு, எங்கள் வம்சத்தில் இப்படி ஒருவருமில்லை" என்றனர். தாய் வீட்டில், "மாமனையே கட்டிக்கொண்டாய், அதனால் வந்தது" என்றனர். பல்லாவரம், நாகல்கேணிப் பக்கம் தோல் பதனிடும் வேலைக்குச் சென்றவர்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை பிறந்தால், தோல்கிடங்கு நீர்தான் காரணம் என்பார்கள். அந்த நீரால் நம் மக்கள் பட்ட துன்பம் மெய். அதற்கு வேறு கணக்கு உண்டு. ஆயினும் இந்நோய்க்கு அது காரணமன்று. மாமனை மணந்ததும் இந்த நோய்க்குக் காரணமன்று. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது இனி விளங்கும்.

நம் உடம்பின் ஒவ்வோர் அணுவிலும் உடம்பைக் கட்டுவதற்கான எழுத்துச் சுவடி ஒன்று உள்ளது. அதன் ஏடுகளே குரோமோசோம்கள். ஏட்டில் உள்ள ஒவ்வொரு செய்முறைக் குறிப்பும் ஒரு மரபணு. டூஷேன் நோய்க்குரிய மரபணுவை 1986இல் பாஸ்டன் நகரில் லூயிஸ் குன்கெல் குழுவினர் கண்டறிந்தனர். அது உருவாக்கும் புரதத்திற்கு மறு ஆண்டு டிஸ்ட்ரோபின் என்று பெயரிட்டனர். மனித மரபணுக்களில் மிக நீண்டவற்றுள் இதுவும் ஒன்று. ஏறத்தாழ 22 லட்சம் எழுத்துகள். பொருள் தரும் பகுதிகள் மட்டும் 79 துண்டுகளாக இடையிடையே கிடக்கின்றன. இவ்வளவு நீண்ட ஏட்டைப் படியெடுக்கும்போது பிழை நேர்வதில் வியப்பென்ன?

டிஸ்ட்ரோபினின் வேலை யாது? கூரை வேய்ந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். கைமரத்தோடு வரிச்சை எதனால் பிணைக்கிறோம்? கயிற்றால். கயிறு இல்லாவிட்டாலும் கூரை அன்றே விழுந்துவிடாது. ஒவ்வொரு காற்றுக்கும் சிறிது சிறிதாகக் குலையும். தசை இழையின் உட்புறத்தை அதன் மேலுறையோடு பிணைக்கும் கயிறே டிஸ்ட்ரோபின். அது இல்லாத பிள்ளை நடக்க நடக்க, ஓட ஓட, தசை இழைகள் கிழிகின்றன. உடம்பு சில ஆண்டுகள் பழுது பார்த்துக்கொள்ளும். பிறகு இயலாமற் போகும். பெரும்பாலான பையன்கள் பன்னிரண்டு வயதளவில் நடையை இழக்கின்றனர். இறுதியில் நுரையீரலை இயக்கும் தசையும் இதயத் தசையும் தளர்கின்றன.

அதே மரபணுவில் பழுது நேர்ந்தும் சிலர் முப்பது, நாற்பது வயதிலும் நடமாடுகின்றனர். பெக்கர் தசைச்சிதைவு என்று அதற்குப் பெயர். காரணம் அழகானது. உடம்பு இச்சுவடியை மும்மூன்று எழுத்துகளாகக் கூட்டியே படிக்கும். 'அவன் மகன் நலம்' என்று எழுதுங்கள். ஒவ்வொரு சொல்லும் மூன்றெழுத்து. நடுச்சொல்லை முழுதும் நீக்கினால் 'அவன் நலம்' என்றாகும். செய்தி குறைந்தது, பொருள் கெடவில்லை. அதற்கு மாறாக 'ம' என்ற ஒரே எழுத்தை நீக்கிவிட்டு மும்மூன்றாகப் படியுங்கள்: 'அவன் கன்ந லம்'. அதற்குப் பிறகு எத்தனை ஏடு இருந்தாலும் பிதற்றல்தான். முதல்வகைப் பழுது பெக்கர். இரண்டாம் வகை டூஷேன். நீங்கிய பகுதி பெரிதா சிறிதா என்பதைவிட, எஞ்சியது ஒழுங்காகப் படிக்கவருமா என்பதே பிள்ளையின் வாழ்வைத் தீர்மானிக்கிறது.

இனிப் பழியின் கணக்கிற்கு வருவோம். இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஆணுக்கு ஒன்று, மற்றொன்று ஒய். தாயின் ஓர் எக்ஸில் பழுது இருந்தாலும் மற்றொன்று வேலையைச் செய்துவிடும், அவருக்கே தெரியாது. மகனுக்குத் தாயிடமிருந்து ஒரே எக்ஸ்தான் செல்லும். நல்லது சென்றால் நலம். பழுதானது சென்றால் நோய். நாணயத்தைச் சுண்டுவது போன்றது இது. ஒவ்வொரு மகனுக்கும் இரண்டில் ஒரு வாய்ப்பு. ஒவ்வொரு மகளும் தாயைப் போல மறைவாகத் தாங்கியிருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. முதல் மகனுக்கு வந்துவிட்டது, ஆகவே அடுத்தவனுக்கு வராது என்று எண்ணுவது வீண். நாணயத்திற்கு நினைவு கிடையாது.

"அப்படியானால் தாயின் வழியாகத்தானே வந்தது?" என்று மாமியார் கேட்பார். கேட்கட்டும். அந்த எக்ஸ் தாய்க்கு அவருடைய தாயிடமிருந்தோ தந்தையின் வித்திலிருந்தோ வந்திருக்கலாம். அதைவிட முக்கியம், இந்நோயுள்ள பையன்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரின் தாய்மாரிடம் பழுதே இல்லை. படியெடுக்கையில் புதிதாக நேர்ந்த பிழை அது. மழையில் நனைந்தாள், கிரகணத்தில் வெளியே வந்தாள் என்றெல்லாம் காரணம் தேடவேண்டியதில்லை. தன் உடம்பில் எந்த எழுத்து இருக்கவேண்டும் என்று எந்தத் தாயும் தேர்ந்தெடுத்ததில்லை. இதனைச் சாக்கிட்டு மனைவியைத் தாய்வீட்டிற்கு அனுப்பிவிட்டு இரண்டாம் மணம் செய்துகொண்ட ஒருவரை நான் அறிவேன். படித்தவர்தாம்!

உறவில் மணந்ததும் ஏன் காரணமன்று என்றால், மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. தந்தை தாய்மாமனாயினும், யாரோ ஒருவராயினும் கணக்கு மாறாது.

ஆனால் இங்கே நிறுத்திவிட்டால் நான் உங்களை ஏமாற்றியவனாவேன். முதலில் சொன்னேனே, பிறந்த அன்றே துவண்டு கிடக்கும் குழந்தை, அந்த வகைகளிற் பலவற்றின் மரபணு எக்ஸில் இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் இரட்டையாக உள்ள வேறு குரோமோசோம்களில் உள்ளது. மெரோசின் என்னும் தசைப் புரதம் இல்லாமற் பிறக்கும் குழந்தைகள் அத்தகையோர். பெண்களையும் தாக்கும் இடுப்பு – தோள்பட்டைத் தசைச்சிதைவு வகைகளிலும் பல இவ்வாறே. சேலத்தில் ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கி, தம்மைப் போன்றோருக்காக உழைத்த சகோதரிகள் வானவன் மாதேவியும் இயல் இசை வல்லபியும் தசைச்சிதைவுடன் வாழ்ந்தவர்களே. மூத்தவர் வானவன் மாதேவி 2017இல் மறைந்தார். இது ஆண்பிள்ளை நோய் மட்டுமே என்போர் அவர்களை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வகையில் தாய், தந்தை இருவரிடமும் ஒரே பழுது மறைந்திருந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும். நோட்டை எடுங்கள். ஒரு பாட்டியிடம் அத்தகைய பழுது ஒன்று மறைந்துள்ளது என்க. அவர் மகனிடம் அது சென்றிருக்க வாய்ப்பு இரண்டில் ஒன்று. மகள் வழிப் பேத்தியிடம் சென்றிருக்க நான்கில் ஒன்று. அந்த மகன் தன் அக்காள் மகளை மணந்தால், இருவரிடமும் அது இருக்க எட்டில் ஒன்று. இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒன்று. ஆக முப்பத்திரண்டில் ஒன்று. அத்தை மகன், மாமன் மகள் மணத்தில் இதே கணக்கு அறுபத்து நான்கில் ஒன்றாகும். அந்த மகன் உறவல்லாத பெண்ணை மணந்திருந்தால்? அப்பழுது இருநூறு பேரில் ஒருவரிடம் உள்ளது என்று வைத்துக்கொண்டால், ஆயிரத்து அறுநூறில் ஒன்று.

"எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அக்காள் மகள்தான், ஒருவர்க்கும் ஒன்றும் வரவில்லையே" என்று பெரியவர்கள் கூறுவர். உண்மையே கூறுகின்றனர். முப்பத்திரண்டில் முப்பத்தொன்று நலமாகத்தானே இருக்கும்! வராதவர் வீடு பேசும்; வந்தவர் வீடு கதவைச் சாத்திக்கொள்ளும். 2019–21ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியா முழுவதிலும் மணமான பெண்களில் நூற்றுக்குப் பதினொருவர் உறவில் மணந்தவர். தமிழ்நாட்டில் இருபத்தெட்டுப் பேர். மற்றவர் நிலம் பிரியாதிருக்க உறவில் கொடுத்தனர். நமக்கு ஏது நிலம்? நம் வீடுகளில் காரணம் வேறு. வரதட்சணை கேட்கமாட்டான், பெண்ணை அடித்துத் துரத்தமாட்டான் என்ற நம்பிக்கை. அந்த அச்சம் நீங்கவேண்டுமானால் பெண் படித்துத் தன் காலில் நிற்கவேண்டும். அப்போது முறைமாமனின் தயவு எதற்கு?

இன்னொன்றும் உண்டு. நெருங்கிய உறவில்லை, ஆனால் ஒரே சாதி என்னும் மணத்தில் ஆபத்தே இல்லையா? ஐதராபாத்தின் அணு – மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த தங்கராஜும் அமெரிக்க ஆய்வாளர்களும் 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்ததில், 81 குழுக்கள் சிறு முன்னோர் கூட்டத்திலிருந்து பெருகித் தமக்குள்ளேயே மணந்து வந்தமையால், பின்லாந்து மக்களைவிடவும் அதிகமாக ஒரே பழுதைப் பகிர்ந்துகொள்ளும் நிலையில் உள்ளன. சாதியின் உயிர்நாடி அகமணமே என்று 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருபத்தைந்து வயது மாணவராக அண்ணல் அம்பேத்கர் எடுத்துரைத்தார். நூறாண்டுகளுக்குப் பின் மரபணுவும் அதே சுவரைக் காட்டுகிறது. ஜப்பானில் சாதி இல்லை. ஆயினும் ஃபுகுயாமா என்னும் பிறவித் தசைச்சிதைவு அங்கே மிகுதி. ஒரு முன்னோரிடம் ஏறத்தாழ நூறு தலைமுறைக்கு முன் நேர்ந்த ஒரே பழுது தீவு நாட்டுக்குள்ளேயே சுற்றியது என 1998இல் கண்டறிந்தனர்.

'பிறவி' என்னும் சொல்லைக் கொண்டு நம்மை எவ்வளவு காலம் தாழ்த்தினார்கள் என்பதை இச்சபைக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆகவே 'பரம்பரை நோய்' என்றதும் நம்மவர் சுருங்கிப் போகின்றனர். இன்னும் ஓர் இழிவு சேர்ந்தது என எண்ணி மறைக்கின்றனர். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பெருந்துறை தண்டபாணியும் பிறரும் 2009இல் வெளியிட்ட செய்தியைக் கேளுங்கள். இதயத் தசையைப் பிற்காலத்தில் பலவீனமாக்கும் ஒரு பழுது, இருபத்தைந்து எழுத்துகள் விடுபட்ட ஒரு பிழை, இத்துணைக்கண்டத்து மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரிடம் உள்ளது. அது அக்கிரகாரத்திலும் உண்டு, சேரியிலும் உண்டு. மறைவான பழுது சிலவாயினும் இல்லாத மனிதர் எவருமிலர்.

செய்யவேண்டியவற்றை விரைந்து கூறுகிறேன். ஒன்றரை வயதாகியும் நடக்காத, அடிக்கடி விழுகின்ற, குதிகாலை ஊன்றாமல் நடக்கின்ற, நான் சொன்னவாறு தொடையைப் பிடித்து எழுகின்ற பிள்ளைக்கு இரத்தத்தில் சி.பி.கே. என்னும் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். டூஷேனில் அது இயல்பைவிடப் பன்மடங்கு உயர்ந்திருக்கும். சில வேளை வேறு காரணத்திற்காக இரத்தம் பார்த்து, ஈரல் பரிசோதனை அளவுகள் கூடியுள்ளன என்று காமாலை மருந்து கொடுத்து மாதங்கள் கழிகின்றன. அதே பொருள்கள் சிதையும் தசையிலிருந்தும் இரத்தத்திற்கு வரும். ஆதலின் அப்போதும் சி.பி.கே. பார்க்கக் கேளுங்கள். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் இதற்கான நரம்பியல் பிரிவு உண்டு. கோயம்புத்தூரில் பி. ஆர். லட்சுமி நிறுவிய ஆய்வு மையம் டூஷேன் மரபணுச் சோதனைக்கென்றே பாடுபட்டு வருகிறது. உடற்பயிற்சிக்கும் சாதனங்களுக்கும் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் நமக்கு அருகிலேயே உள்ளது.

முற்றிலும் தீர்க்கும் மருந்து இல்லை. பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரை மருத்துவர் கண்காணிப்பில் நடையைச் சில ஆண்டுகள் நீட்டிக்கிறது. மூச்சுக்கும் இதயத்திற்கும் தக்க கவனிப்பு இருப்பின் முப்பது வயதைத் தாண்டுவோர் உளர். மயக்க மருந்துகளிற் சில இப்பிள்ளைகளுக்கு உயிராபத்து. பல் பிடுங்குவதற்காயினும் முன்னரே மருத்துவரிடம் நோயின் பெயரைச் சொல்லிவிட வேண்டும். 2023இல் அமெரிக்காவில் ஒரு மரபணு மருத்துவத்திற்கு ஒப்புதல் அளித்தனர். விலை நம் பணத்தில் இருபத்தைந்து கோடி ரூபாய்க்கும் மேல். 2025இல் அதனைப் பெற்ற சிறுவர் சிலர் ஈரல் செயலிழந்து இறந்தனர். அதனை நம்பிச் சீட்டுக்கட்டி, வீட்டை அடகு வைக்காதீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தசைச்சிதைவைப் பெயர் சொல்லியே ஏற்றுள்ளது. சான்றிதழ் பெற்றால் மாநில அரசின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. மின்கல நாற்காலிக்கும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தை நிரப்ப நம் சங்க இளைஞர்கள் உதவுவர்.

யாவற்றினும் அவசரமானது, அக்காள் தங்கையரிடம் சொல்லுதல். பையனின் சோதனையில் எந்த இடத்தில் பழுது என்று அவன் இருக்கும்போதே தெரிந்துகொண்டால், அவனுடைய தாய்க்கும், சித்திக்கும், பெரியம்மாவுக்கும், அவர்கள் பெண்களுக்கும் அதே இடத்தை மட்டும் பார்த்தாற் போதும். கருவுற்ற பதினொன்று, பன்னிரண்டாம் வாரத்திலேயே அறிய வழியுண்டு. சட்டமும் இந்நோய்க்காக அதனை அனுமதிக்கிறது. அறிந்தபின் என்ன செய்வது என்பதை அந்தப் பெண்ணும் கணவருமே முடிவு செய்யவேண்டும். மாமியாரோ, தலைமையாசிரியரோ அல்லர். பழுதைத் தாங்கியுள்ள பெண்ணுக்கும் இதயத் தசை தளர வாய்ப்புண்டு என்பதால் அவரும் அவ்வப்போது இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மகளுக்கு வரன் அமையாது என்று அஞ்சி இதனை மறைக்கின்றனர். மறைத்ததனால் ஒரே பாட்டியின் வழியில் மூன்று வீடுகளில் மூன்று பையன்கள் நடையிழந்ததை நம் புறநகரிலேயே ஒரு குடும்பத்தில் அறிவேன். மூத்த வீட்டில் தெரிந்தபோது கடைசி வீட்டில் குழந்தையே பிறந்திருக்கவில்லை.

ஒரு தாய் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்: "மூத்தவனுக்கு இந்த நோய். இளையவனுக்கு இரண்டு வயது, நன்றாக ஓடுகிறான். அவனுக்கும் பார்க்கவேண்டுமா, இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமா?" அம்மா, இரண்டு வயதில் ஓடுவதைக் கொண்டு ஒன்றும் சொல்ல இயலாது. சி.பி.கே. பாருங்கள்; இயல்பாக இருந்தால் அன்றிரவே நிம்மதியாக உறங்கலாம். அதிகமாக இருந்தால், அண்ணனுக்குக் கிடைக்காத காலத்தே மருந்து தம்பிக்குக் கிடைக்கும். வருகிற புதன்கிழமை காலை எழும்பூருக்குச் செல்லும் மூவரோடு நீங்களும் சேர்ந்துகொள்ளலாம். நம் இளைஞர்கள் இருவர் உடன் வருவர். பிள்ளைகளை மேம்பாலத்தில் அவர்கள் தூக்கிக்கொள்வார்கள்.